தொப்பி போட்ட விருந்தாளிகள்

மார்ச் 2

அன்புள்ள தங்கைக்கு,

இங்கே நான் சுகம். அங்கே நீயும் மாப்பிள்ளையும் சுகமாக இருக்க வேண்டும். அவருடைய முழங்கால் வலி தேவலையா?

இத்தனை வருஷம் கழித்து அண்ணனிடமிருந்து கடிதமா என்று வாயைப் பிளக்காதே. இந்தக் கைபேசியில் எழுத்தெல்லாம் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கிறது. போன வாரம் உன் அண்ணிக்கு அனுப்புவதாக நினைத்து லென்ஸ் கம்பெனி மேனேஜருக்கு ‘சாப்டியா, உடம்ப பாத்துக்கோ’ என்று அனுப்பியிருக்கிறேன். மனுஷர் நெகிழ்ந்துபோய் பதில் போட்டிருக்கிறார். எனக்குக் காகிதம்தான் சரிப்படும்.

உன் அண்ணி மகள் வீட்டுக்குப் போய் ஒரு மாதம் ஆகிறது. பேத்தி பிறந்ததைத்தான் உனக்கே சொல்லியிருப்பாளே. படம் அச்சிட்டு அனுப்பியிருக்கிறார்கள். கடையில் வாடிக்கையாளர்கள் முகம் பார்க்கிற கண்ணாடிக்குப் பக்கத்தில் ஒட்டி வைத்திருக்கிறேன். வருகிறவர்கள் எல்லோரும் ஆஹா என்கிறார்கள். குழந்தைக்குக் கொஞ்சம் கழுத்து நின்றதும் மகளையும் கூட்டிக்கொண்டு வருவதாக அண்ணி சொல்லியிருக்கிறாள். அதுவரை நான், கடை, எதிர் டீக்கடை டீ.

கடைக்குப் புதுக் கதவு போட்டேன். தச்சர் நிலையைக் கோணலாக வைத்துவிட்டார். நடுவில் தொப்பை போட்டு நிற்கிறது. கூப்பிட்டுக் காட்டினால் ரசமட்டத்தை வைத்துப் பார்த்துவிட்டு, நேராகத்தான் இருக்கிறது என்று சாதிக்கிறார். வாக்குவாதம் முற்றி, இனிமேல் இந்தத் தெருவில் உங்களுக்கு வேலை கிடையாது என்று சொல்லி அனுப்பிவிட்டேன்.

இன்னொரு விஷயம். சிரிக்கக் கூடாது. கடைக்கு வேற்றுக் கிரகத்திலிருந்து ஆட்கள் வருகிறார்கள். நல்ல மாதிரியானவர்கள். விவரம் பிறகு எழுதுகிறேன், ஒருவர் கண்ணாடிக்குத் திருகாணி மாட்டக் காத்திருக்கிறார்.

அன்புடன்,
அண்ணன்


மார்ச் 11

அன்புள்ள அண்ணா,

நாங்கள் நன்றாக இருக்கிறோம். முழங்கால் மாடி ஏறும்போது மட்டும் முனகுகிறது. உன் உடம்பு எப்படி?

தச்சரைப் பற்றி ஒரு பக்கம், வேற்றுக் கிரகத்தைப் பற்றி ஒன்றரை வரி. உன்னை மாதிரி ஓர் ஆளை எங்கே தேடுவது? அச்சகத்தில் நாள் முழுக்க அடுத்தவர் எழுதியதில் பிழை பார்க்கிறேன். இப்படி ஒரு பத்தியை எவராவது எழுதிக் கொண்டுவந்திருந்தால், கடைசி வரி வேறு புத்தகத்திலிருந்து கலந்துவிட்டது என்று குறி போட்டுத் திருப்பியிருப்பேன்.

உன் மாப்பிள்ளைக்கு ஒரே சந்தேகம். அவர்களுக்கு எத்தனை கண், அதற்கெல்லாம் பிரேம் கிடைக்குமா என்று கேட்கிறார். கூடவே, “கண்ணாடிக்காரருக்கே ஒரு கண்ணாடி போடணும்போல” என்கிறார். நீ கோபித்துக்கொள்ளாதே, அவருக்கு வேறு பொழுதுபோக்கு கிடையாது.

அதெல்லாம் இருக்கட்டும். குழந்தை யார் ஜாடை? நம் அப்பாவின் மூக்கு வந்திருக்கிறதா? ‘கண்ணாடி நழுவாத மூக்கு’ என்று நீதானே அதற்குப் பெயர் வைத்தாய். எனக்கு அனுப்பிய படம் பக்கவாட்டில் எடுத்தது, அதிலும் பாதி போர்வை. உன்னிடம் நேரான படம் இருக்கிறதே, பார்த்து எழுது.

உன் தங்கை


மார்ச் 20

அன்புள்ள தங்கைக்கு,

சுகம்தான். மாப்பிள்ளையைப் படி ஏறும்போது கைப்பிடியைப் பிடிக்கச் சொல்.

அவர்களுக்கு இரண்டே கண்தான். முழங்கால் உயரம் இருப்பார்கள். எல்லோரும் தொப்பி போட்டிருக்கிறார்கள், உயரமான தொப்பி. சட்டையில் கட்டம், பாவாடையில் பூ, ஓரத்தில் சரிகை மாதிரி ஏதோ. எவ்வளவு துல்லியமாகத் தெரிகிறது என்கிறாய்! கடைக்கு வருகிற மனிதர்களை விட அவர்கள்தான் தெளிவாகத் தெரிகிறார்கள். பிரேம் அடுக்கிய அலமாரித் தட்டில் வரிசையாக உட்கார்ந்துகொண்டு நான் லென்ஸ் தேய்ப்பதை வேடிக்கை பார்ப்பார்கள். பேசுவதில்லை. கதவைத் திறந்து வருவதும் இல்லை. முதல் தடவை பேயோ என்று பயந்தேன். பேயாக இருந்தால் இப்படி இஸ்திரி போட்ட துணியில் வருமா? நம் உலகத்துத் துணியும் இல்லை. அப்போதுதான் புரிந்தது.

நான் வணக்கம் சொல்வேன். அவர்கள் சிரிப்பார்கள். அவ்வளவுதான் எங்கள் உறவு. ஆனால் அண்ணி போன பிறகு இந்தக் கடையில் எனக்காகவே உட்கார்ந்திருக்கிற ஆட்கள் அவர்கள்தான்.

ஒரு கூத்தும் நடந்தது. பூப்போட்ட உடையில் ஓர் அம்மா வந்து நின்றார். அவர்களில் ஒருவர்தான் இன்றைக்கு உயரமாக வந்திருக்கிறார் என்று நினைத்து வணக்கம் போட்டுவிட்டு என் வேலையைப் பார்த்தேன். அந்த அம்மா கொஞ்ச நேரம் நின்று பார்த்துவிட்டுக் கதவை அறைந்து சாத்திக்கொண்டு போய்விட்டார்.

நான் அலமாரிக்கு வணக்கம் சொன்னதைத் திருகாணி மாட்ட வந்தவர் பார்த்துவிட்டார். அவர் விண்ணக விருந்தினர் நண்பர்கள் சங்கத்தில் உறுப்பினராம். வேற்றுக் கிரகவாசிகள் நம்மோடு நட்பாக இருக்க வருகிறார்கள் என்று நம்புகிறவர்கள். பல வருஷமாகக் கூட்டம் போடுகிறார்கள், ஒருவர்கூட இன்னும் பார்த்ததில்லை. தலைவரே கடைக்கு வந்து என் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டார்.

குழந்தை குழந்தை மாதிரிதான் இருக்கிறது. இந்த வயதில் எல்லாக் குழந்தையும் ஒன்றுபோலத்தான்.

அண்ணன்


மார்ச் 30

அன்புள்ள அண்ணா,

நலமா? நேரத்துக்குச் சாப்பிடுகிறாயா?

உன் கடிதத்தைப் படித்துவிட்டுச் சிரித்தேன். பிறகு மறுபடி எடுத்துப் படித்தேன், அப்போது சிரிப்பு வரவில்லை. ‘எனக்காகவே உட்கார்ந்திருக்கிற ஆட்கள்’ என்று எழுதியிருந்தாய். தனியாகக் கிடந்து அல்லாடுகிறாய், அதுதான் விஷயம். வாய் ஓயாத அண்ணி பக்கத்தில் இல்லை, அந்த இடத்தில் வாயே திறக்காத ஆட்களை உட்கார வைத்திருக்கிறாய். நான் லீவு போட்டுவிட்டு வந்து ஒரு வாரம் இருக்கட்டுமா?

எத்தனை முறை கூப்பிட்டாலும் போனை எடுப்பதில்லை. எழுத்தும் இப்படிக் கொட்டை கொட்டையாக எழுதுகிறாய். தங்கைக்கு வயதாகிவிட்டது என்று கரிசனமா? ஓரிடத்தில் ஒரு வரி மேலேயே இன்னொரு வரியை எழுதியிருக்கிறாய், அதைப் பிரித்தெடுப்பதற்குள் எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது.

குழந்தையைப் பற்றி நீ சொன்னதை ஒப்புக்கொள்ள மாட்டேன். பார்க்கிறவர்கள் மூக்கை எல்லாம் அளவெடுக்கிற ஆள் நீ. என் கல்யாணத்தில் மாப்பிள்ளையைப் பார்த்ததும் ‘மூக்குப் பாலம் தாழ்வு, கனமான பிரேம் தாங்காது’ என்று சொன்னவன், சொந்தப் பேத்தி மூக்கைப் பற்றி ஒரு வார்த்தை எழுத மாட்டேன் என்கிறாயே.

உன் தங்கை


ஏப்ரல் 18

தங்கைக்கு,

சுகம். பதில் தாமதமாகிவிட்டது, வேலை.

நீ லீவு போட்டு வர வேண்டாம். எனக்கு ஒன்றும் இல்லை. மே மாதக் கடைசியில் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம். நான்தான் முக்கியப் பேச்சாளர். என் படத்தைப் போட்டுச் சுவரொட்டி அடித்திருக்கிறார்கள். தலைவர் தினமும் வந்து, அவர்கள் இன்றைக்கு என்ன உடுத்தியிருந்தார்கள் என்று குறித்துக்கொண்டு போகிறார்.

மாப்பிள்ளையிடம் இதைச் சொல். அவருடைய கிண்டலுக்காகவே எழுத்து அட்டையை மாட்டி, நிற்க வேண்டிய இடத்தில் நின்று, ஒவ்வொரு கண்ணாக மூடிப் படித்துப் பார்த்தேன். இரண்டு கண்ணிலும் கடைசி வரி வரைக்கும் ஒரு தடுமாற்றம் இல்லை. அடியில் பொடி எழுத்தில் இருக்கிற அச்சகத்தின் பெயரைக்கூடப் படித்துவிட்டேன். என் கண்ணுக்கு ஒரு குறையும் இல்லை. போதுமா?

அந்தத் தச்சர் இன்னமும் தெருவில் என்னைப் பார்த்தால் முகத்தைத் திருப்பிக்கொண்டு போகிறாராம், டீக்கடைக்காரர் சொன்னார். போகட்டும்.

அண்ணன்


மே 16

அன்புள்ள அண்ணா,

இந்தக் கடிதத்தை வெளிச்சத்தில் உட்கார்ந்து, மெதுவாகப் படி. அதற்காகவே பெரிதாக எழுதியிருக்கிறேன்.

அச்சகத்தில் எங்கள் எல்லோருக்கும் கண் பரிசோதனை நடந்தது. டாக்டர் என் கையில் கட்டம் போட்ட ஓர் அட்டையைக் கொடுத்து, நடுப்புள்ளியைப் பார்க்கச் சொல்லி, “கோடெல்லாம் நேரா இருக்கா, எங்கயாவது வளையுதா?” என்று கேட்டார். எனக்கு நேராகத்தான் இருந்தது. ஆனால் உன் கதவு நிலை ஞாபகம் வந்தது. ரசமட்டம் பொய் சொல்லுமா அண்ணா?

விருந்தாளிகளைப் பற்றி அவரிடம் சொன்னேன். அண்ணன் கடைக்குச் சின்ன ஆட்கள் வருகிறார்களாம் என்பதற்கு மேல் நான் வாய் திறக்கவில்லை. சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டார்:

“நல்லா உடுத்தியிருப்பாங்க. துணியில கட்டமோ பூவோ இருக்கும். தலையில தொப்பி. பேசவே மாட்டாங்க. சரிதானே?”

உன் கடிதத்தை அவரே படித்த மாதிரி இருந்தது.

இது புத்தி சம்பந்தப்பட்டது இல்லையாம். விழித்திரையின் நடுப்பகுதி கெட்டு, நேர்ப்பார்வை மங்கினால் சிலருக்கு இப்படி வருமாம். கண் அனுப்பாத இடத்தை மூளை வெறுமனே விடாமல் தானே எதையாவது வரைந்துகொள்கிறதாம். பலர் பைத்தியம் என்பார்களோ என்று பயந்து வெளியே சொல்வதில்லையாம். உன் கதவு நிலையையும் சொன்னேன். ஆட்களும் தெரிந்து, நேர்க்கோடும் வளைகிறது என்றால் ஒரு கண் பெரும்பாலும் போயிருக்கும், இன்னொன்றையாவது காப்பாற்ற இப்போது ஊசி இருக்கிறது, ஆனால் தள்ளிப் போட்டால் அதுவும் போய்விடும் என்றார்.

நீ கடைசி வரி வரை படித்தாய். ஏன் படிக்க மாட்டாய்? தொழில் கற்றுக்கொண்ட நாள் முதல் அதே அட்டையைத் தினமும் பார்க்கிறாய். தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் ஒப்பிப்பாய். அடியில் இருக்கிற அச்சகத்தின் பெயரை அந்தத் தூரத்திலிருந்து எந்தக் கண்ணாலும் படிக்க முடியாது என்று எனக்குச் சொல்லிக் கொடுத்தவனே நீதான். நீ படிக்கவில்லை அண்ணா, ஒப்பித்திருக்கிறாய்.

இத்துடன் கட்ட அட்டையும், எங்கள் அச்சகத்திலேயே நான் அடுக்கி அச்சடித்த புது எழுத்து அட்டையும் வைத்திருக்கிறேன். இதை நீ பார்த்ததே இல்லை. இரண்டையும் பார். 24ஆம் தேதி சனிக்கிழமை ரயிலில் நான் வருகிறேன். உன்னை ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போக எனக்குத் தெம்பு இல்லை, நீயாகத்தான் நடந்து வர வேண்டும்.

உன் தங்கை


மே 21

தங்கைக்கு,

சனிக்கிழமை வராதே. அன்றைக்குத்தான் கூட்டம். வாக்குக் கொடுத்துவிட்டேன்.

உன் அட்டைகள் வந்தன. மேசை இழுப்பறையில் இருக்கின்றன. பிரிக்கவில்லை.

வாழ்நாள் முழுக்க மற்றவர்களைப் பார்த்து ‘இப்ப தெளிவா இருக்கா, இதுல தெளிவா இருக்கா’ என்று கேட்டே என் காலம் போயிற்று. உனக்கு என்ன தெரிகிறது என்று என்னை யாரும் கேட்டதில்லை. இப்போது ஒரு மண்டபம் நிறைய ஆட்கள் கேட்கிறார்கள். அதையும் கெடுக்க வேண்டுமா?

அவர்கள் இல்லை என்று நீ சொல்லிவிட்டால் இந்தக் கடையில் மிச்சம் என்ன இருக்கிறது? எனக்குப் பயமாக இருக்கிறது. எதற்கு என்று கேட்காதே.

அண்ணன்


மே 24, சனிக்கிழமை
(கடைக் கதவுக்கு அடியில்)

அண்ணா,

பெரிய எழுத்தில் எழுதுகிறேன். ஓரக் கண்ணால் பார்த்தால் படிக்க முடியும் என்று டாக்டர் சொன்னார், அப்படிப் படி.

நீ வராதே என்றாய், வந்துவிட்டேன். மண்டபத்தில் மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருந்தேன். அழகாகப் பேசினாய். அவர்கள் இஸ்திரி போட்ட துணியில் வருவதைச் சொன்னபோது எல்லோரும் சிரித்தார்கள், நானும்தான். பேசும்போது நேராக என்னைப் பார்த்தாய். கையைத் தூக்கி ஆட்டினேன். உன் பார்வை என்னைத் தாண்டிப் போயிற்று. வேண்டுமென்றே செய்கிறாய், கோபம் என்று நினைத்தேன்.

முடிந்ததும் உன் கையைக் குலுக்க ஆட்கள் வரிசையில் நின்றார்கள். நானும் நின்றேன். என் முறை வந்தது. ஒன்றும் பேசவில்லை, சிரித்துக்கொண்டு உன் முன்னால் நின்றேன். என் கையைப் பிடித்து, என் முகத்தைப் பார்த்துச் சொன்னாய்:

“வாங்கம்மா. நீங்களும் அவங்களைப் பாத்திருக்கீங்களா?”

அத்தனை பேர் முன்னால் ‘அண்ணா’ என்று கூப்பிட எனக்கு மனசு வரவில்லை. தலையை ஆட்டிவிட்டு நகர்ந்துவிட்டேன். மண்டபத்துக்கு வெளியே நின்று அழுதேன்.

எதிர் டீக்கடையில் உட்கார்ந்திருக்கிறேன். படித்ததும் கதவைத் திற. நீ திறக்கிற வரைக்கும் இங்கேதான் இருப்பேன். டீ நன்றாகவே இல்லை, சீக்கிரம் திற.

தங்கை


ஜூன் 19

அன்புள்ள தங்கைக்கு,

எல்லோரும் சுகம். என் கண் விஷயம் கேட்டு முன்னாலேயே தனியாக வந்துவிட்ட உன் அண்ணி, நான் சொல்லச் சொல்ல எழுதுகிறாள். கண்ணுக்கு ஓய்வு வேண்டுமாம். (பொய். டாக்டர் எழுதலாம் என்றுதான் சொன்னார். எழுதினால் கோணலாக வரும் என்று இவருக்கு வெட்கம். – அண்ணி)

அன்றைக்கு நீ அழுததைப் படித்து மனம் இரங்கி வந்தேன் என்று நினைத்துக்கொள்ளாதே. கதவு திறக்க ஏன் அவ்வளவு நேரம் ஆயிற்று என்று நீயும் கேட்கவில்லை, நானும் சொல்லவில்லை. மண்டபத்தில் பிடித்தது உன் கை என்று உன் கடிதத்தைப் படித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தது. கூடப் பிறந்தவளை ‘வாங்கம்மா’ என்றிருக்கிறேன். இழுப்பறையைத் திறந்து உன் அட்டைகளைப் பிரித்தேன். உன் எழுத்து அட்டையில் முதல் எழுத்து மட்டும் பிடிபட்டது. மற்றதை ஒப்பிக்கப் பார்த்தேன், வரவில்லை. கட்ட அட்டையை எடுத்தேன். இடது கண்ணில் கோடெல்லாம் தச்சர் வைத்த நிலை மாதிரி வளைந்தது. வலது கண்ணில் நடுவில் கட்டமே இல்லை. அங்கே தொப்பிக்காரர் ஒருவர் உட்கார்ந்திருந்தார். இடத்தை விட்டு எழுந்திருக்கச் சொன்னேன். எழுந்திருக்கவில்லை. அப்புறம்தான் வந்து கதவைத் திறந்தேன்.

வலது கண் திரும்பாது என்று டாக்டர் சொன்னபோது நீ பக்கத்தில் இருந்தாய். இடது கண்ணுக்கு இரண்டாவது ஊசியும் போட்டாகிவிட்டது. கண்ணுக்குள் ஊசியா என்று நடுங்கினேன், எறும்புக் கடி மாதிரிதான் இருந்தது. (ஆஸ்பத்திரியே அதிர்கிற மாதிரி கத்தினார். – அண்ணி) எவ்வளவு தேறும் என்று போகப் போகத்தான் தெரியுமாம்.

சங்கத் தலைவர் வந்தார். மற்றவர்களுக்கு யார் வருகிறார்கள் என்று எனக்குத் தெரியாது, எனக்கு வந்தவர்கள் என் கண்ணிலிருந்து வந்தவர்கள் என்று உள்ளதைச் சொன்னேன். பாவம், முகம் வாடியிருக்கும். எனக்குத் தெரியவில்லை. அப்படியே தன் கண்ணையும் பார்க்கச் சொன்னார். கடையில் உட்கார்ந்திருந்த உன் அண்ணியை விட்டுப் புது அட்டையைக் காட்டச் சொன்னேன். தூரப்பார்வைக்குக் கண்ணாடி வேண்டியிருக்கிறது. அத்தனை வருஷமாக அந்த மனிதர் வானத்தை மங்கலாகத்தான் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார்.

மகளும் குழந்தையும் அடுத்த மாதம் வருகிறார்கள்.

அண்ணன் (சொன்னபடி, அண்ணி)


ஜூன் 28

அன்புள்ள அண்ணா, அண்ணி,

இங்கே சுகம். முழங்காலும் சுகம், கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறார்.

கோணலாக வந்தால் வரட்டும் அண்ணா, நீயே எழுது. பிழை திருத்துவதுதானே என் பிழைப்பு.

இந்தத் தடவை நான் எதுவும் கேட்கப் போவதில்லை. ஊசி நாளைத் தவறவிடாதே.

உன் தங்கை


ஜூலை 30

அன்புள்ள தங்கைக்கு,

வீடு நிறைய ஆட்கள், எல்லோரும் சுகம். இது என் கையெழுத்துதான். அடிக்கோலை வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

நேற்று உன் அட்டையில் இடது கண்ணால் பாதிக்கு மேல் படித்தேன். ஒப்பிக்கவில்லை, அண்ணி சாட்சி. கதவு நிலை நேராக நிற்கிறது. தச்சரைத் தேடிப்போய் மன்னிப்புக் கேட்டேன். “நான் அப்பவே சொன்னேனே சார்” என்றார். அதை அவர் தெருவுக்கெல்லாம் சொல்லிக்கொண்டிருக்கிறார், சொல்லட்டும்.

தொப்பிக்காரர்கள் வருவது குறைந்துவிட்டது. எப்போதாவது ஒருவர் தட்டில் உட்கார்ந்திருப்பார். வணக்கம் சொல்லிவிட்டு வேலையைப் பார்க்கிறேன். அவர்கள் மேல் எனக்குக் கோபம் இல்லை. யாரும் இல்லாத நேரத்தில் வந்து உட்கார்ந்திருந்தார்களே.

நீ கேட்டுக் கேட்டு அலுத்துப்போன கேள்விக்கு வருகிறேன். அந்தப் படத்தில் முகம் இருக்க வேண்டிய இடத்தில் எனக்கு ஒன்றுமே தெரிந்ததில்லை. வருகிறவர்கள் ஆஹா என்பார்கள், நானும் கூடவே ஆஹா என்பேன். அவர்கள் போன பிறகு படத்தைக் கையில் எடுத்து வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்ப்பேன். போர்வை தெரியும். பிஞ்சுக் கை தெரியும். முகம் வராது. நம் பேத்தியைப் பார்க்காமலே போய்விடுவேன் என்பதுதான் என் பயம். அதை எழுதத்தான் கை வரவில்லை.

நேற்று மகள் அவளை என் மடியில் வைத்தாள். வலது கண்ணை மூடிக்கொண்டு குனிந்தேன். அவளும் என்னைப் பார்த்தாள். தொப்பி இல்லை, சரிகை இல்லை, வாய் நிறைய எச்சில். கண், புருவம், எல்லாம் அதனதன் இடத்தில் இருந்தது.

அப்பாவின் மூக்குதான். கண்ணாடி நழுவாது.

அன்புடன்,
அண்ணன்